பைக் டாக்டர் பதில்கள்: செயின் மட்டும் மாத்தினா போதுமா?

கேள்வி: சார், என்கிட்ட யமஹா ஆர்15 வி3 இருக்கு. செயின் தொளதொளன்னு ஆயிடுச்சு, செயின் மட்டும் மாத்தலாம்னு கடைக்காரர் சொல்றாரு. அப்படியே பின்னாடி 150 மி.மீ. அகல டயர் போட்டுடவா?
- ஈரோடு வாசகர்

பதில்: செயின் மட்டும் வேணாம் தம்பி. பின் ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்சக்கரம்) கடைசிப் பல்லுகிட்ட செயினைப் பிடிச்சு பின்னாடி இழுத்துப் பாருங்க, பாதிப் பல்லு வெளிய தெரிஞ்சா ஆயுசு முடிஞ்சுது, பழைய ஸ்ப்ராக்கெட்ல புது செயினைப் போட்டா அந்தத் தேஞ்ச பல்லு இதையும் சீக்கிரமே தின்னுடும், அதனால முன்னாடி பின்னாடி ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து செட்டாவே மாத்துங்க. சைஸ் 428, முடிஞ்சா ஓ-ரிங் செயின் (இணைப்புகள்ல ரப்பர் வளையம் வச்சது). அதை பெட்ரோல் ஊத்திக் கழுவாதீங்க, ரப்பர் போயிடும்.

150 டயரா? பார்க்க கெத்துதான், ஆனா கம்பெனி குடுக்குறது 140/70-17, அதே ரிம்ல அகல டயரைத் திணிச்சா ஷேப் மாறி வளைவுல வண்டி சாய மக்கர் பண்ணும். 140 ரேடியல் வகை டயரே போடுங்க, வாங்கறப்போ பக்கவாட்டுல நாலு இலக்க நம்பரைப் பாருங்க, 2324னு இருந்தா 2024-ல 23-வது வாரம் செஞ்சது. ஆஃபர்ல வர்ற பழைய ஸ்டாக் வேண்டவே வேண்டாம்.