எனக்கென்னப்பா குறை

அன்புள்ள ஐயா,

பேரையூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சமீபத்தில் பூட்டானைப் பற்றிப் படித்தேன். பணத்தை வைத்து நாட்டை அளக்காமல் மக்களின் மகிழ்ச்சியை வைத்து அளக்கிறார்கள். நாமோ ஜிடிபி எத்தனை சதவீதம் என்பதைத் தாண்டிப் பேசுவதே இல்லை. 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையில் 143 நாடுகளில் இந்தியாவுக்கு 126-வது இடம். வெட்கமாக இருக்கிறது.

என் தாத்தா பாட்டி காலத்தில் கையில் காசில்லை, ஆனால் நிம்மதி இருந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது, "சந்தோஷமா இருக்கியாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கென்னப்பா குறை, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். லட்ச ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நாமும் பூட்டானைப் போல மாற முடியுமா? வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?

ப.

*

அன்புள்ள ப.,

உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். 'அடுப்பைப் பார்த்தபடியே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அம்மா உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதைக் கவனித்து எழுதியும் இருக்கிறீர்கள். பிறகு எப்படி அந்தப் பதிலை அப்படியே நம்பினீர்கள்?

126-வது இடத்துக்கெல்லாம் வெட்கப்பட வேண்டாம். ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வரிசை போடுவது அந்த ஒரு கேள்விக்கு வந்த பதிலை வைத்துத்தான். 2018 முதல் பின்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் தாத்தா பாட்டி காலத்தில் நிம்மதி இருந்தது என்ற பேச்சை விடமாட்டேன். யார் சொன்னது உங்களுக்கு? பாட்டி சொன்னாரா, பாட்டியைப் பற்றித் தாத்தா சொன்னாரா?

1944-ல், வங்காளப் பஞ்சத்துக்கு மறுவருடம், கல்கத்தா பக்கத்தில் சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தங்களுக்கு உடம்பு சரியில்லை, சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பஞ்சத்தில் அடிபட்ட ஊரில், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள், விதவை, அவள் சொல்கிறாள் எனக்கு ஒன்றுமில்லை என்று. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்தக் கணக்கைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். குறையோடே வாழ்ந்து பழகியவர்களுக்குக் குறை என்று சொல்லவே வாய் வராது என்பது அவர் வாதம். நான் அதைப் படிப்பதற்கு முன்பே எனக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

என் அத்தை. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப்பறிக்கப் போவாள். மொட்டு விரிவதற்குள் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே தோட்டத்தில் இருப்பாள். சேலை முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு நிரை பிடித்துப் போவார்கள். செடியின் பனி இடுப்புக்குக் கீழே முழுக்க நனைத்துவிடும். அவள் விரல் மொட்டைத் தொடுவது கண்ணுக்குத் தெரியாது, மடி நிறைவதுதான் தெரியும். எட்டு மணிக்கு வீடு திரும்பினால் சாணி, தண்ணீர், சோறு, மாமாவுக்கு வெந்நீர்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். மூன்றாம் வருடத்தில் கிராமக் கணக்கெடுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் வாழ்க்கையைப் பற்றி ஆறு கேள்விகள். மிக நிறைவு, நிறைவு, நிறைவில்லை என்று மூன்று கட்டங்கள். வசதியாக இருக்கும் என்று அத்தை ஊருக்கே போனேன். திண்ணையில் அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டாள், "ஏய்யா, எல்லாத்துக்கும் நிறைவுன்னே போட்டுக்க. எனக்கென்ன குறை." ஆறிலும் 'நிறைவு' போட்டேன். அந்த ஊரில் நான் பார்த்த இருபத்திரண்டு பெண்களில் பத்தொன்பது பேர் அப்படித்தான் சொன்னார்கள். நம் கிராமத்துப் பெண்களின் மனநிறைவு என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் வந்தது.

ஏழு மாதம் கழித்து அத்தை தோட்டத்து வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். மதுரைக்குக் கொண்டுவந்தோம். பரிசோதித்த பெண் மருத்துவர் வெளியே வந்து என் அம்மாவைத்தான் கூப்பிட்டார். அத்தைக்குக் கர்ப்பப்பை அடியிறக்கம். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வந்தது, பதினோரு வருடம். பழைய சேலைத் துணியைப் பட்டையாக மடித்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதோடுதான் குனிந்து நிமிர்ந்து பூப்பறித்திருக்கிறாள். உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. அம்மா அந்தத் துணியைத் துவைக்க எடுத்து வந்தபோது அது அட்டை மாதிரி விறைத்திருந்ததை நான் பார்த்தேன். "ஏன்டி சொல்லலை?" என்று அம்மா அழுதபோது அத்தை சொன்னது: "யாரு கேட்டா?"

நான் கேட்டேன். ஆறு கேள்வி கேட்டேன். அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எப்போது எழுகிறாள், எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

அதனால்தான் பூட்டானைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் நினைப்பது போல அவர்கள் 'சந்தோஷமா?' என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவதில்லை. நான்காவது அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் 1970-களில் சொல்லத் தொடங்கிய 'மொத்த தேசிய மகிழ்ச்சி', 2008-ல் அரசியல் சட்டத்திலேயே ஏறியது. ஒன்பது துறைகள், 33 குறியீடுகள். மனநிறைவு அதில் ஒன்றுதான். கூடவே உடல்நலம், படிப்பு, வருமானம், வீட்டுக்கூரை, எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் தூக்கம். எட்டு மணி நேரத் தூக்கம் இருந்தால் போதுமானது என்று கணக்கு. வேலை என்றால் சம்பள வேலை மட்டுமில்லை, வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பதும் அதில் சேரும். இப்படிப் பிரித்துப் பிரித்துக் கேட்ட 2010 கணக்கெடுப்பில், ஆண்களில் 49 விழுக்காட்டினர் மகிழ்ச்சியானவர்கள் என்று வந்தது. பெண்களில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வந்தது. ஒரு அரசாங்கம் தன் பெண்களிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறதே என்று மனம் இளகிவிட்டது.

அதே பூட்டான்தான் 1990-களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் தன் தெற்கத்தி மக்களை விரட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கிழக்கு நேபாளத்து முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். யாரைக் கணக்கில் எடுக்கிறோம் என்பது எப்படி அளக்கிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வி. இதை விட்டுவிட்டு அந்த நாட்டைக் கொண்டாடாதீர்கள்.

பணம் வேண்டாம் என்றும் பூட்டான்காரர்கள் சொல்லவில்லை. ஏழ்மைக்கு மகிழ்ச்சி என்று பெயர் வைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அத்தைக்குப் பதினோரு வருடம் முன்னால் ஐந்நூறு ரூபாயும், பக்கத்தில் ஒரு பெண் மருத்துவரும், துணைக்கு வர ஒரு ஆளும் இருந்திருந்தால் போதும்.

ஜிடிபிக்கு அடிப்படையான தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் போட்டுக்கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-லேயே, இதை வைத்து மக்களின் நலனைக் கண்டுபிடித்துவிட முடியாது என்று எச்சரித்தார். ஆனால் அவரைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே டி.கல்லுப்பட்டி இருக்கிறது. பஸ்ஸில் எத்தனை முறை கடந்திருப்பீர்கள்! அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தார். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கையாளராக இருந்து, கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர், காசுக்கு விலைபோகாததை எல்லாம் கணக்கில் விட்டுவிடுகிற பொருளாதாரத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். குஜராத்தில் மாதர் என்ற தாலுகாவின் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தவர். 1960 ஜனவரி 30, காந்தி போன அதே தேதியில் மதுரையில் இறந்தார். அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் ஓரிடத்தில் அவரோடும் முட்டுகிறேன். பலவகைப் பொருளாதாரங்களைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சேவையை வைத்தார். குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையை அதற்கு உதாரணம் காட்டினார். தாய்ப்பறவை குஞ்சு பறந்ததும் ஓய்ந்துவிடும் ஐயா, எங்கள் அத்தைகளுக்கு ஓய்வில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றும்.

நம் அரசும் இப்போது நேரக் கணக்கு எடுக்கிறது. 2024 கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் தரும் நேரம் சராசரி 289 நிமிடம். செய்கிற ஆண்கள் தருவது 88. ஜிடிபியில் இந்த 289 நிமிடத்துக்கு இடமில்லை. உங்கள் அம்மா நின்ற அடுப்பும் அதில் இல்லை.

வேலையை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் அடுப்புக்கு இன்னொரு ஆளாகச் சோறு கேட்பதென்றால் மட்டும் வர வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது நாலு நாள் தங்குங்கள். சந்தோஷமா என்று கேட்காதீர்கள். இரவு எத்தனை மணிக்கு அவர் படுக்கிறார், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், உட்கார்ந்து எழும்போது கை எங்கே போகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், கடிதம் பிறகு வரட்டும்.