தாத்தாவின் சுருக்குப்பையில் பழங்காசுகள்: முதலில் புளியைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: தாத்தா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஒரு சுருக்குப்பையில் நாற்பதுக்கும் மேல் பழைய காசுகள் இருந்தன. பெரும்பாலும் செம்பு, சில வெள்ளி மாதிரி தெரிகின்றன, இரண்டு மூன்று கறுத்துக் கனமாக இருக்கின்றன. பச்சை பிடித்துக் கிடப்பதால் அம்மா புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார். இவை எந்தக் காலத்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பு உண்டா? வீட்டில் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் வருமா? எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. தொடர்ந்து சேர்க்க எப்படித் தொடங்கலாம்?

பதில்: புளியைக் குழம்புக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குத்துவிளக்குக்கு அது சரி, பழங்காசுக்கு எமன்.

செம்பின் மேல் பிடிக்கும் அந்தப் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்புதான். அங்கே அது நீங்கியாக வேண்டும். காசுக்கு அது தோல் மாதிரி. பல நூறு வருஷம் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு மெல்ல மாறித்தான் களிம்பாகிறது. எழுத்தும் உருவமும் பல சமயம் அந்தப் படலத்திலேயே நிற்கும். புளியின் அமிலம் படலத்தைக் கரைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். கையில் மிஞ்சுவது மொழுக்கென்ற செம்புத் துண்டு. எலுமிச்சை, வினிகர், பற்பசை, சாம்பல், பித்தளை பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆரம்ப நாட்களில் நானும் ஒரு சதுரச் செம்புக்காசை எலுமிச்சைத் தோலால் தேய்த்து, யானை நின்ற இடத்தை வெறும் தகடாக்கியிருக்கிறேன். அதைத் தூக்கிப்போட இன்றுவரை மனம் வரவில்லை.

மண் அப்பியிருந்தால் செம்பு, வெள்ளிக் காசுகளை டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சில நாளில் மண் இளகும். பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெருடினால் போதும். பிறகு நன்றாகக் காயவிடுங்கள். கறுத்துக் கனமாக இருக்கிறது என்கிறீர்களே, அவை ஈயமாக இருக்கலாம். அவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் ஈயத்தை அரிக்கும். தொட்டால் கையையும் கழுவிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உடனே பாருங்கள். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பச்சையால் கெடுதல் இல்லை. வெளிர்பச்சையாகப் பொடி பூத்து, நகத்தால் தொட்டால் உதிர்கிறதா? அது குளோரைடால் வரும் அரிப்பு. ஈரம் கிடைத்தால் காசைத் தின்றுகொண்டே போகும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

சரி, அடுத்தது அடையாளம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். எடை, வடிவம், எழுத்து என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு போனால் பாதிக் காசுகள் தாமாகவே பிரிந்துவிடும்.

செம்பில் உங்களிடம் இருக்க அதிக வாய்ப்புள்ளது ராஜராஜன் காசு. சுமார் 4 கிராம் எடை. ஒரு பக்கம் கையில் மலரோடு ஒருவர் நிற்பார், மறுபக்கம் ஒருவர் அமர்ந்திருப்பார். உருவங்கள் குச்சி மனிதர் மாதிரி இருப்பதால் பலர் இதைக் குழந்தை கீறியது என்றே நினைத்துவிடுவார்கள். அமர்ந்த உருவத்துக்குப் பக்கத்தில் மூன்று வரியாக எழுத்து தெரிகிறதா பாருங்கள். ‘ஸ்ரீ ராஜ ராஜ’ என்று நாகரியில், அதாவது இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவத்தில், இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் சுவர் முழுக்கத் தமிழில் எழுதிவைத்த அரசன், காசில் நாகரியைப் போட்டிருக்கிறான். தமிழ் நாட்டுக்கு வெளியிலும் செல்ல வேண்டிய காசு என்பதால் இருக்கலாம் என்பது என் கணிப்பு. 985 முதல் 1014 வரை ஆண்டவன் அவன். இந்த அச்சு அவனோடு நிற்கவில்லை. இலங்கையில் சோழர் பிடி போன பிறகும் அங்கே பொலன்னறுவை அரசர்கள் இதே நின்ற உருவம், இருந்த உருவத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். பராக்கிரமபாகு, லீலாவதி என்ற பெயர்களை நாகரியில் கண்டால் அது இலங்கைக் காசு. லீலாவதி அரசி, அவள் காசிலும் அதே நின்ற உருவம்தான். ஆகவே ‘ராஜ’ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் ராஜராஜன் என்று முடிவு கட்டாமல், மூன்று வரியையும் படியுங்கள். இந்த வகை ஏராளமாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காசு கிடையாது.

யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் படுத்த காளையும் அதனோடு தமிழில் ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். இரட்டை மீன் தெரிந்தால் பாண்டியர் பக்கம் போங்கள். இடைக்காலப் பாண்டியர் செம்புக்காசுகளில் தமிழிலேயே பட்டப்பெயர்கள் உண்டு: ‘எல்லாந்தலையானான்’, ‘சோணாடு கொண்டான்’. சோழ நாட்டைப் பிடித்த பெருமையைக் காசில் அச்சடித்து ஊரெல்லாம் புழங்கவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் கொஞ்சம் பழகினால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம்.

செம்பு சதுரமாக இருந்து, ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வாலைத் தூக்கிய புலியோ வில்லும் அம்புமோ கோடு கோடான மீனோ இருந்தால் அது சங்க காலமாக இருக்கலாம். அப்படியானால் கையை எடுத்துவிட்டு நிபுணரிடம் காட்டுங்கள். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசும் சதுரச் செம்புதான். வெகுகாலம் சங்க அரசர்கள் காசே வெளியிடவில்லை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தோம், 1980களில் நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இந்தக் காசைப் படித்து வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. கரூர் அமராவதி ஆற்று மணலில் ‘மாக்கோதை’, ‘கொல்லிப்புறை’ என்று சேரர் பெயர் தாங்கிய காசுகளும் கிடைத்தன. மாக்கோதையின் வெள்ளிக்காசில் இருக்கும் தலை, ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தது என்பது பார்த்தவுடனே தெரியும்.

வெள்ளிக்கு வருவோம். ஒழுங்கில்லாமல் வெட்டிய மெல்லிய துண்டில் சூரியன், மலை, மரம் என்று சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருந்தால், எடை 3.3 கிராம் அளவில் இருந்தால், முத்திரைக் காசு. தலையும் லத்தீன் எழுத்தும் இருந்தால் ரோமானிய தெனாரியஸ். கொங்கு நாட்டில் கிடைத்தவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகளே மிக அதிகம். மிளகுக்காக வந்த காசு அது. போலிகளும் இந்த இரண்டு பேர் பெயரில்தான் அதிகம் வருகின்றன.

டிப்புவின் யானைக்காசு, நாயக்கர் காசு, தரங்கம்பாடி டேனியர் காசு, டச்சுக்காரர் காசு இவையெல்லாம் சுலபமாக அடையாளம் தெரிபவை, விட்டுவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னம், 1808 என்ற ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தும் ‘எக்ஸ் கேஷ்’ அல்லது ‘இரட்டை எக்ஸ் கேஷ்’ (ரோமன் எண்ணில் 10, 20) என்பதும் இருந்தால் அது சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சடித்தது. அந்தக் ‘கேஷ்’ நம்முடைய காசுதான். தமிழிலிருந்து போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்தக் காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். அதனால் புத்தம் புதிதாக ஒரு 1808 காசு கண்ணில் பட்டால் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள்.

மாறாக, 1818 என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, ‘யூ.கே.எல்’ என்ற எழுத்தும் ஓரணா, ஈரணா என்ற மதிப்பும் இருந்தால் அது காசே இல்லை. கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை. பூஜையறைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘இது அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும்’ என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த ‘ரைஸ் புல்லர்’ மோசடியில் சேமிப்பையெல்லாம் இழந்தவர்கள் நம் ஊரில் நிறைய.

உலோகத்தை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. காசை முதலில் எடை போடுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 3.90 கிராம் காசு 0.44 காட்டினால் 8.86. செம்பு 8.9, வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. ரொம்பச் சின்னக் காசில் இது துல்லியமாக வராது. சரியான உலோகத்திலேயே வார்த்த போலியும் இதில் தப்பிவிடும். அதற்கு லென்ஸ்தான். விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடமோ ஒட்டுக்கோடோ இருக்கிறதா, பரப்பில் காற்றுக்குமிழிக் குழிகள் இருக்கின்றனவா, எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பு மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு காசுகள் எடை, வெடிப்பு, குறை எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் இரண்டுமே ஒரே வார்ப்பு. கையால் சுத்தி கொண்டு அடித்த காலத்தில் அது நடக்காது.

சட்டத்தைக் கேட்டீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணுக்குள் கிடைப்பதைப் பற்றியது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். டிரங்குப் பெட்டியில் இருந்தது அதில் வராது. நாளைக்குத் தோட்டத்தில் குழி தோண்டும்போது கிடைத்தால் வரும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். வைத்திருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்குத் தனிநபர் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக்கூட. விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். நீங்கள் வாங்கும்போதும் உரிமம் உள்ளவரிடம் ரசீதோடு வாங்குங்கள். ஆற்று மணலில் சலித்தது, வயலில் தோண்டியது என்று சொல்லி யாராவது கொண்டுவந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம்.

இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் சுமார் 500 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரையிலானவை. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஒரு காசு தனியாகக் கைக்கு வந்திருந்தால், யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று ஒதுக்கியிருப்போம். ஒரே இடத்தில் இத்தனையும் வெட்டுப்பட்டிருந்ததால்தான், இது வேண்டுமென்றே செய்தது, காசாகப் புழங்கவிடாமல் வெறும் பொன்னாக ஆக்கியிருக்கிறார்கள் என்ற கருத்து எழ முடிந்தது.

ஆகவே உங்கள் நாற்பது காசுக்கும் இப்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். வரிசை எண், எடை, விட்டம், இரண்டு பக்கப் படம், எங்கிருந்து வந்தது. கடைசிக் கட்டம்தான் கஷ்டம். தாத்தா எந்த ஊர்களில் வேலை பார்த்தார், யார் கொடுத்தார்கள் என்று பாட்டி, பெரியப்பா, அத்தை என ஞாபகம் உள்ளவர்களிடம் கேட்டு, சொன்னபடியே எழுதுங்கள். மதிப்பைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை பாதி அங்கேதான் இருக்கிறது. தேய்ந்த சோழக்காசு பெரிய தொகைக்குப் போகாது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த காசைத் தேடுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

வைப்பதற்கு பிளாஸ்டிக் வாடை வரும் மெத்தென்ற பி.வி.சி. உறைகள் வேண்டாம், நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசுக்கு கட்டும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை வாங்குங்கள். ஈயக் காசை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில வாடையில் வெள்ளையாகப் பொடிந்துவிடும்.

புதிதாகச் சேர்ப்பதற்கு அவசரம் வேண்டாம். முதல் ஆறு மாதம் ஒன்றும் வாங்காமல், இருப்பதைப் படியுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காசுப் பகுதியை ஒருநாள் முழுக்கப் பாருங்கள். அசலின் பரப்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக வேண்டும். அப்புறம் ஒரு சின்ன வட்டத்தைப் பிடியுங்கள். ராஜராஜன் அச்சும் அதன் இலங்கை வாரிசுகளும் என்று வைத்துக்கொண்டாலே பல வருஷம் ஓடும்.

அந்தச் சுருக்குப்பையை இன்னும் தூக்கிப்போடவில்லையே? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அடியில் துண்டுச்சீட்டு ஏதாவது இருக்கலாம். பெட்டிக்கடியில் விரித்த பழைய பேப்பரின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.