லெஸ்டர் வீட்டுக்காக வலங்கைமான் வயலை விற்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, கும்பகோணம் திரும்பிவிட்டேன். லெஸ்டரில் நான் குடியிருந்த பழைய செங்கல் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். 2014-இல் எடுத்த எரிசக்தித் திறன் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது; அதிலும் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையுள்ள தரங்களில் கடைசிக்கு முந்தைய ‘எஃப்’ தரம்தான். வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு பொருத்தியே ஆக வேண்டும் என்கிறார் முகவர். வலங்கைமான் பக்கம் உள்ள வயலை விற்றுப் பணம் அனுப்பட்டுமா? இங்கே மாடியை வாடகைக்கு விடவும் இப்படிச் சான்றிதழ் வேண்டுமா?

பதில்: வயலைத் தொடாதீர்கள் அம்மா. முகவர் சொன்னதில் பாதிதான் சரி. அங்கே வாடகை வீட்டுக்குக் குறைந்தது ‘ஈ’ தரம் வேண்டும். மீறினால் அபராதம் 5,000 பவுண்டு வரை போகும். ஆனால் வெப்பப் பம்பு கட்டாயம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நீங்கள் ஏற வேண்டியது ஒரே ஒரு படி.

முதலில் புதிய மதிப்பீடு எடுங்கள். அது 10 ஆண்டு செல்லும். மதிப்பீட்டாளர் சுவர், கூரை, ஜன்னல், வெந்நீர் ஏற்பாடு ஆகியவற்றைப் பார்த்துக் கணக்குப் போடுவார். நீங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எரிவாயுவை மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் வராது. சுவருக்குள் மறைந்திருக்கும் வெப்பக்காப்புக்கு ரசீதோ படமோ இல்லையென்றால், வீடு கட்டிய காலத்தை வைத்து ஊகித்து எழுதிவிடுவார். ஆகவே 2014-க்குப் பிறகு செய்த வேலைகளின் ரசீதுகளைத் தேடி எடுங்கள். சில வீடுகளுக்கு அதுவே போதும்.

போதாவிட்டால் பரணில் 270 மி.மீ. காப்புப் பஞ்சு, வெந்நீர்த் தொட்டிக்கு உறை, எல்இடி விளக்குகள் என்று மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ‘ஈ’ தரத்துக்காக நீங்கள் செலவழிக்க வேண்டிய உச்சவரம்பு, வரி உட்பட 3,500 பவுண்டு. ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். அதற்குள் எட்டாவிட்டால் 5 ஆண்டு விலக்குக்குப் பதிவு செய்யலாம். அங்குள்ள வங்கிக் கணக்கில் சேமிப்பு இருந்தால் முதலில் அதை எடுங்கள். இங்கிருந்து அனுப்பினாலும், நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டாதவரை வங்கி முன்கூட்டி வரி பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை: 2030-க்குள் வாடகை வீடுகளை ‘சி’ தரத்துக்கு உயர்த்த அந்த அரசு திட்டமிட்டிருக்கிறது. அந்தச் செலவுக்கு மனமில்லையென்றால் வீட்டையே விற்றுவிடுவது பற்றி யோசியுங்கள். விற்பதற்குச் சான்றிதழ் வேண்டும், ஆனால் குறைந்தபட்சத் தரம் கிடையாது. ‘எஃப்’ என்று பார்த்ததும் வாங்குபவர் பேரம் பேசத்தான் செய்வார்.

கும்பகோணம் மாடிக்கு இந்தச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை; இந்தியாவில் வீட்டை வாடகைக்கு விட அப்படியொரு கட்டாயம் இல்லை. மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சித்திரை வெயிலில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.