கருத்துக்கணிப்பா, கூட்டமா, பந்தயமா? அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று எதை வைத்துச் சொல்வது

கேள்வி: அதிபர் தேர்தல் நெருங்க நெருங்க எங்கள் நண்பர்கள் குழுவில் தினமும் வாக்குவாதம். கருத்துக்கணிப்பில் எங்கள் ஆள் 3 புள்ளி முன்னிலை, கதை முடிந்தது என்கிறான் ஒருவன். இன்னொருவன் பிரசாரக் கூட்டத்தின் படத்தைப் போட்டு, இதைப் பார்த்துவிட்டுப் பேசு என்கிறான். மூன்றாவது ஆள், தேர்தல் முடிவின் மீது பணம் கட்டும் பந்தயச் சந்தையில் 65 சதவீதம் என்று காட்டுகிறான். இதில் எதை நம்பலாம்? நான் எதை வைத்துப் பேசுவது?

பதில்: நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. அந்தத் தேர்தலில் வாக்குகள் எப்படி எண்ணப்படும்? உங்கள் குழுவில் யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை. நான் என்றால் அங்கேதான் ஆரம்பிப்பேன். யாருக்கு ஆதரவு அதிகம் என்பது ஒரு கேள்வி, யார் ஜெயிப்பார் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நடுவே எண்ணும் விதி உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்த மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள், பெரும்பாலான மாகாணங்களில் முந்தியவருக்கே அந்த மாகாணத்தின் வாக்குகள் அத்தனையும், 270 கிடைத்தால் வெற்றி. 2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க டிரம்ப்பைவிட ஏறக்குறைய 29 லட்சம் வாக்குகள் அதிகம் வாங்கினார், ஆனாலும் தோற்றார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா என்ற மூன்று மாகாணங்களிலும் சேர்த்து சுமார் 78,000 வாக்கு வித்தியாசம் தேர்தலை முடித்துவைத்தது. 2020-ல் பைடன் நாடு முழுக்க 70 லட்சம் வாக்குகள் முன்னே இருந்தார், கேட்கும்போது பெரிய வெற்றி என்று தோன்றும். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவர் முன்னிலையைக் கூட்டிப் பார்த்தால் சுமார் 43,000 மட்டுமே. அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269-க்கு 269 என்று வந்து நின்றிருக்கும். அதனால் உங்கள் நண்பர் சொல்லும் அந்த 3 புள்ளி முன்னிலை நாடு தழுவியதா, முடிவைத் தீர்மானிக்கப்போகும் இடங்களிலா என்று முதலில் கேளுங்கள்.

இலங்கையில் கணக்கே வேறு. அங்கே பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணுவார்கள். 2024 செப்டம்பரில் அது முதல் தடவையாக நடந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76 சதவீதம். தேர்தலுக்கு முன்பு பலர் போட்ட கணக்கு இது: அப்போது அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவின் வாக்குகள் இரண்டாம் சுற்றில் சஜித்துக்குப் போகும், அங்கே ஆட்டம் மாறும். காகிதத்தில் அது நியாயமான கணக்குதான். முதல் இருவருக்கும் விழாத வாக்குகள் சுமார் 33 லட்சம் இருந்தன, இருவருக்கும் இடையிலான வித்தியாசமோ சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம். ஆனால் அந்த 33 லட்சத்திலிருந்து இருவருக்கும் சேர்த்து வந்து சேர்ந்தது 2 லட்சத்து 73 ஆயிரம் மட்டுமே! சஜித்துக்கு அதில் பெரிய பங்கு கிடைத்தது உண்மை, ஆனால் மிகப் பெரும்பாலான சீட்டுகள் இவர்கள் இருவருக்குமே விருப்பு வாக்கு தரவில்லை. எனவே இப்படிப்பட்ட விதி இருக்கும் நாட்டில் யாருடைய ஆட்கள் யாரை இரண்டாவதாக விரும்புகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அவர்கள் இரண்டாவது எண்ணைப் போடும் பழக்கம் உள்ளவர்களா என்றும் பாருங்கள்.

பிரான்ஸ் மாதிரி இரண்டு சுற்று நடக்கும் இடங்களில், இறுதிப் போட்டியில் யாரை யார் தோற்கடிப்பார் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள், அந்தப் போட்டிக்கு வந்து சேருவதே பெரும்பாடு என்பது மறந்துபோகும். 2002-ல் சிராக்கும் ஜோஸ்பனும்தான் மோதுவார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். முதல் சுற்றில் ழான் மரி லெ பென் 16.86, ஜோஸ்பன் 16.18. பிரதமராக இருந்த ஜோஸ்பன் அங்கேயே வெளியேறினார், இரண்டாம் சுற்றில் சிராக் 82 சதவீதம் வாங்கினார். அர்ஜென்டினாவில் 2023 அக்டோபரில் முதல் சுற்றில் மாசா முதலிடம், ஒரு மாதம் கழித்து மிலெய் ஏறக்குறைய 56 சதவீதத்தோடு ஜெயித்தார். முதல் சுற்றில் முன்னால் வந்தவர்தான் ஜெயிப்பார் என்று யாராவது சொன்னால் அர்ஜென்டினாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மக்கள் கருத்துக்கணிப்புக்கு வேலையே இல்லை, வாக்களிப்பது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். கட்சி பலத்தைக் கூட்டினால் பெரும்பாலும் விடை வந்துவிடும். ஆனால் வாக்கு ரகசியம், கொறடா உத்தரவும் கிடையாது. 1969-ல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொன்னதும் கட்சிக் கணக்கு உடைந்தது, சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணிய பிறகு ஜெயித்தார்.

சரி, கருத்துக்கணிப்புக்கு வருவோம். நான் அவற்றை மதிக்கிறேன், நம்மிடம் இருப்பதிலேயே நல்ல சான்று அதுதான். ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் சண்டை போடுகிறோம். 1000 பேரிடம் எடுத்த கணிப்பில் ஒருவருடைய சதவீதம் சுமார் 3 புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். ஒருவர் 48, இன்னொருவர் 45 என்றால் இருவருடைய எண்ணும் ஆடும், ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவார், ஆகையால் இருவருக்கும் நடுவே உள்ள முன்னிலையின் தவறு வரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது 6 புள்ளி. இதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. அதுவும்கூட எதேச்சையாக ஆட்களைத் தேர்ந்தெடுத்ததால் வரும் பிழை மட்டும்தான். யார் போனை எடுக்கிறார்கள், யார் உண்மையிலேயே வாக்குச்சாவடிக்குப் போவார்கள், கடைசி வாரத்தில் யார் மனம் மாறுவார்கள் என்பதெல்லாம் அந்த வரம்புக்குள் வராது. நடைமுறையில் பிழை அறிவிக்கப்பட்டதைவிடப் பெரிதாகவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 புள்ளி முன்னிலை என்பது சாதகம், கதை முடிந்ததற்கு அத்தாட்சி இல்லை.

அப்புறம், நிறையப் பேரிடம் கேட்டால் சரியாக வரும் என்ற நம்பிக்கை. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, குடியரசுக் கட்சியின் லேண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 61 சதவீதத்துக்கு நெருக்கமாக வாங்கினார், லேண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாகாணங்கள். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததும், அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாக இருந்ததும் காரணம். அதைவிட மிகக் குறைந்த பேரிடம் கேட்ட ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சரியாகச் சொன்னார். சமூக ஊடகத்தில் நடத்தும் வாக்கெடுப்பில் 5 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள் என்று யாராவது காட்டினால் அது 1936-ன் அட்டைதான், வேறு ஒன்றும் இல்லை. அதே கேலப் 1948-ல் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டு டூவி ஜெயிப்பார் என்று சொல்லி, ட்ரூமன் ஜெயித்தார். எனவே கணிப்பு என்றைக்கு எடுத்தது என்ற தேதியையும் பாருங்கள்.

2016-ல் நடந்த பிழையை நான் பல வருடங்களாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். நாடு தழுவிய கணிப்புகள் அவ்வளவு மோசமில்லை, ஹிலாரி 3 புள்ளி முன்னிலை என்றன, கிடைத்தது 2 புள்ளி. தவறியது மாகாணக் கணிப்புகள். பட்டம் படித்தவர்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அதிகம் முன்வருகிறார்கள், அந்தத் தடவை படிப்பை ஒட்டியே வாக்கு பிரிந்தது, பல மாகாணக் கணிப்புகள் அதற்கேற்பத் திருத்தம் செய்யவில்லை. ஒரே காரணம் என்பதால் அண்டை மாகாணங்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து தவறின. ஐந்து மாகாணத்தில் முன்னிலை இருக்கிறது, ஒன்று போனால் என்ன என்று நினைக்கக் கூடாது, ஒன்று போனால் மற்றவையும் சேர்ந்து போகலாம். இதைப் புரிந்துகொண்ட ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற தேர்தல் கணிப்புத் தளம் டிரம்ப்புக்கு 29 சதவீத வாய்ப்பு கொடுத்தது, மாகாணங்கள் சேர்ந்து தவறும் வாய்ப்பைக் குறைவாக எடைபோட்டவர்கள் ஹிலாரிக்கு 99 சதவீதம் வரை போனார்கள்.

இதை வைத்து, எங்கள் ஆளுக்கு மறைந்திருக்கும் வாக்கு இருக்கிறது, கணிப்பு எப்போதும் எங்களைக் குறைத்துத்தான் காட்டும் என்று பேசுகிறவர்களும் உங்கள் குழுவில் இருப்பார்கள். பிழை இருக்கும் என்பது சரி. எந்தப் பக்கம் இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2017-ல் பிரான்ஸின் கடைசிச் சுற்றில் கணிப்புகள் மக்ரோனுக்கு சுமார் 62 சதவீதம் காட்டின, அவர் வாங்கியது 66. மறைந்திருந்த வாக்கு மரின் லெ பென்னுக்கு இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பிழை எதிர்ப்பக்கம் போனது.

கூட்டத்தின் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே வந்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்தவர்கள், அவர்கள் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஜாதகமும் அப்படியே. இலங்கையில் 2015-ல் மகிந்த ராஜபக்ச பதவிக்காலம் முடிய சுமார் இரண்டு வருடம் இருக்கும்போதே, ஜோதிடர் குறித்த நேரத்தை நம்பித் தேர்தலை வைத்தார் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது, மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதத்தோடு ஜெயித்தார்.

பந்தயச் சந்தையில் 65 என்று இருந்தால் அது வாக்கு சதவீதம் இல்லை, ஜெயிக்கும் வாய்ப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது. 65 சதவீத வாய்ப்பு என்றால் ஏறக்குறைய மூன்று தடவையில் ஒரு தடவை தோற்பார் என்று அர்த்தம், அது ஒன்றும் அபூர்வம் இல்லை. 2016-ல் சந்தை ஹிலாரி பக்கம் இருந்து தவறியது. 2024-ல் கணிப்புகளை வைத்துக் கணக்கிட்டவர்கள் கிட்டத்தட்டச் சமம் என்றபோது சந்தை டிரம்ப் பக்கம் சாய்ந்திருந்தது, அவர் ஜெயித்தார். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தேர்தல், அதை வைத்து சந்தை நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பெரிய பணக்காரர் ஒருவர் நிறையப் பணம் கட்டி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் நகர்த்தவும் முடியும். அதைவிட முக்கியம், பந்தயம் கட்டுகிறவரும் இதே கணிப்புகளைப் பார்த்துத்தான் கட்டுகிறார், ஆகையால் கணிப்பும் சந்தையும் ஒத்துப்போவதை இரண்டு தனிச் சான்றுகளாக எண்ணாதீர்கள்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது இது. யார் ஜெயிப்பார் என்று கத்துவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் ஒரு சதவீதத்தை எழுதி வையுங்கள், கூடவே எந்தச் செய்தி வந்தால் அந்த எண்ணை மாற்றுவீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாதவர் எதிர்பார்ப்பைச் சொல்லவில்லை, ஆசையைச் சொல்கிறார். முடிவு வந்ததும் மதிப்பெண் போடுங்கள். வானிலை முன்னறிவிப்புக்காக கிளென் பிரையர் 1950-ல் சொன்ன முறை எளிதானது: ஜெயித்தால் 1, தோற்றால் 0 என்று வைத்து, நீங்கள் சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அதனாலேயே பெருக்குங்கள், குறைவாக வாங்கியவர் கெட்டிக்காரர். நீங்கள் 70 சதவீதம் (அதாவது 0.7) என்றும் நண்பர் 90 (0.9) என்றும் சொல்லி அந்த வேட்பாளர் ஜெயித்தால் உங்களுக்கு 0.09, அவருக்கு 0.01. தோற்றால் உங்களுக்கு 0.49, அவருக்கு 0.81. அடித்துச் சொல்பவருக்குச் சின்ன லாபம், தவறினால் பெரிய அடி. ஒரு தேர்தலோடு விடாமல் நாலைந்து தேர்தலுக்குத் தொடர்ந்து போட்டால் யார் பேச்சைக் கேட்கலாம் என்று தெரியும்.

வாக்கு எண்ணும் இரவிலும் உங்கள் குழு சும்மா இருக்காது, அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் வரும் எண்கள் எந்த வாக்குகள் என்று பாருங்கள். இலங்கையில் தபால் வாக்கு முதலில் வரும், அது பெரும்பாலும் அரச ஊழியர்களுடையது, நாட்டின் மாதிரி இல்லை. 2020-ல் பென்சில்வேனியாவில் இது தலைகீழ், தேர்தல் நாளுக்கு முன்பு தபால் வாக்கைப் பிரிக்கவே சட்டம் விடவில்லை, அதனால் நவம்பர் 3 இரவு டிரம்ப் பெரிய முன்னிலையில் தெரிந்தார், தபால் வாக்கு எண்ண எண்ண அது கரைந்தது, 7-ம் தேதி பைடன் ஜெயித்ததாக ஊடகங்கள் அறிவித்தன. எத்தனை வாக்கு எண்ணியாயிற்று, எண்ணாமல் இருப்பவை எந்த ஊர்களுடையவை, என்ன வகை என்ற மூன்றுக்கும் பதில் தெரியும்வரை, எழுதி வைத்த சதவீதத்தை அந்த இரவில் மாற்ற வேண்டாம்.