ஒபேக் டைப்பை எங்கே நின்று பார்க்கிறோம்?

கேள்வி: சொந்தமாக ஒரு சின்ன மொழிக்கு கம்பைலர் எழுதுகிறேன். ஒரு மாட்யூலில் 'பயனர்எண்' என்ற ஒபேக் டைப் (உள்வடிவத்தை வெளியே மறைக்கும் டைப்), உள்ளே அது வெறும் இன்ட்தான், அதாவது முழு எண். வெளியே அது இன்ட் என்று தெரியக்கூடாது. ஆனால் வெளியிலும் 'பயனர்எண் + 1' எரர் இல்லாமல் டைப் செக் ஆகிப் போய்விடுகிறது. எங்கே தப்பு?

பதில்: அநேகமாக பெயர்களைத் தீர்க்கும்போதே, ஒரு டைப்புக்கு வைக்கும் மாற்றுப் பெயரான சாதாரண அலியாஸைப் போல இதையும் விரித்து இன்ட் என்று போட்டுவிடுகிறீர்கள். டைப் செக்கர் கைக்கு வரும்போது பயனர்எண் என்ற தடயமே இல்லை, அப்புறம் அது எதை வைத்து மறுக்கும்? விரிக்காமல் தனி நோடாகவே வைத்திருங்கள். அதில் டிக்ளரேஷனின் ஐடியும் டைப் ஆர்க்யுமென்ட்களும் இருக்கட்டும். பெயரை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டாம், இரண்டு மாட்யூல்களில் ஒரே பெயர் இருக்கலாம்.

அடுத்து, இரண்டு டைப்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் யூனிஃபை ஃபங்ஷனுக்கு 'இப்போது எந்த மாட்யூலைச் செக் செய்கிறோம்' என்பதையும் அனுப்புங்கள். அறிவித்த மாட்யூலுக்குள் என்றால் விரித்து ஒப்பிடலாம். வெளியே என்றால் ஐடியும் ஆர்க்யுமென்ட்களும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் எரர். அந்த எரரிலும் பயனர்எண் என்றே காட்டுங்கள், இன்ட் என்று காட்டினால் மறைத்ததே வீண்.

இதில் ரொம்பப் படுத்துவது கேஷ்தான், அதாவது ஒருமுறை விரித்ததை மறுபடி எடுக்கச் சேமித்து வைக்கும் இடம். விரித்த வடிவத்தை டைப் ஐடியை மட்டும் கீயாக வைத்துச் சேமித்தால், உள்ளே கிடைத்த இன்ட் வெளியே கேட்கும்போதும் வந்து நிற்கும், அதுவும் மாட்யூல்களைச் செக் செய்யும் வரிசையைப் பொறுத்து ஒரு நாள் எரர் வரும், ஒரு நாள் வராது. கீயில் மாட்யூலையும் சேருங்கள்.

இன்னொரு ஓட்டை இன்ஃபரன்ஸ், அதாவது டைப்பைக் கம்பைலரே ஊகிப்பது. 'புதியது = 0' என்று டைப் குறிப்பிடாமல் எழுதினால் இன்ட் என்றுதான் ஊகிக்கும், அப்படியே எக்ஸ்போர்ட்டும் ஆகும். ஓகேமல் மொழி இதைச் சிக்னேச்சரால் (மாட்யூல் வெளியே காட்டுபவற்றின் பட்டியல்) சமாளிக்கிறது: உள்ளே எல்லாம் வெளிப்படை, வெளியே சிக்னேச்சர் சொன்னது மட்டும். நீங்களும் எக்ஸ்போர்ட் ஆகும் எல்லாவற்றுக்கும் டைப் எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துவிடுங்கள், என்னைக் கேட்டால் அதுதான் நல்லது. ஸ்காலா 3 மொழியிலும் ஒபேக் டைப் அறிவித்த ஸ்கோப்புக்குள் மட்டும்தான் வெளிப்படை.

கோட் ஜெனரேஷனில் எல்லாவற்றையும் தாராளமாக விரிக்கலாம், ரன்டைமில் செலவே இல்லை. ஆனால் '+', '==' போன்றவற்றுக்கு இன்ஸ்டன்ஸ் (அந்த டைப்புக்கான வரையறை) தேடும் இடம் செக்கரைச் சேர்ந்தது, அங்கேயும் அதே மாட்யூல் கேள்வியைக் கேளுங்கள், உங்கள் '+ 1' அந்த வழியாகவும் நழுவும். ரஸ்ட் மொழியில் ஃபங்ஷன் திருப்பித் தரும் இம்ப்ல் ட்ரெய்ட் டைப்பும் உள்வடிவத்தை மறைப்பதுதான், ஆனாலும் அதன் 'சென்ட்' குணம் (வேறு த்ரெட்டுக்கு அனுப்பலாமா என்பது) வெளியே தெரியும், அது தெரிந்தே விட்ட விதிவிலக்கு. நீங்களும் எதையாவது விடுவதாக இருந்தால் மொழியின் விதியாகவே எழுதி வையுங்கள்.