கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு 46,000 வருகிறது. மனைவி பிளஸ் டூ படித்தவர், வீட்டிலேயே தையல், மாதம் ஏழாயிரம் வரும். மகள் மெட்ரிக் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டாள், கணக்கில் 88, அறிவியலில் 71. மகன் எட்டாவது. மனைவிக்கு மகளை டாக்டராக்க ஆசை. அண்ணா நகரில் ஒரு நீட் கோச்சிங்கில் இரண்டு வருடத்துக்கு 2.6 லட்சம் கேட்கிறார்கள், பாதியை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால் சலுகையாம். எஃப்.டி. 1.8 லட்சம், 14 பவுன் நகை, 2 லட்ச ரூபாய் சீட்டு (20 மாதத்தில் 8 கட்டியாச்சு) இருக்கிறது. நகையை வைத்துக் கட்டலாமா? அரசுப் பள்ளியில் மாற்றினால் 7.5% இட ஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார்களே? தெரிந்த ஏஜென்ட் ஒருவர் மகள் பேரில் மாதம் 4,000 கட்டும் 15 வருடக் கல்வி பாலிசி போடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சார், உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனைவியின் ஆசை இருக்கிறது, கோச்சிங்காரரின் சலுகை இருக்கிறது, ஏஜென்டின் யோசனைகூட இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதனால் உங்கள் எண்ணுக்கு நானே போன் செய்து கேட்டேன், நினைவிருக்கும். "அவளுக்கு அக்கவுண்ட்ஸ் பிடிக்கும்னு சொல்றா சார், ஆனா அது சின்னப் பொண்ணு" என்றீர்கள். டாக்டராவதை முடிவு செய்ய வயது வந்துவிட்டது, அக்கவுண்ட்ஸ் பிடிக்கும் என்று சொல்ல வயது வரவில்லையா?

முதலில் நகை. வைக்காதீர்கள். வட்டி 9.5% என்று வைத்துக்கொண்டால் முதல் 1.3 லட்சத்துக்கு வருடம் 12,350 ரூபாய். அடுத்த வருடம் மீதி 1.3 லட்சத்துக்கும் நகையை வைத்தால் அவள் பிளஸ் டூ முடிப்பதற்குள் வட்டி மட்டும் 37,000 தாண்டும், ஆக 2.6 லட்சம் ஏறக்குறைய 3 லட்சமாகிவிடும். அந்த 3 லட்சம் போனபிறகு, ரிசல்ட் வந்த மே மாதத்தில், கல்லூரிக்குக் கட்ட வேண்டிய நேரத்தில் கையில் காசும் குறைந்திருக்கும், நகையில் ஒரு பகுதியும் அடகில் கிடக்கும். பத்தாவது முடித்த பிள்ளைகளின் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். பெரிய செலவு இரண்டு வருடம் கழித்து, மே முதல் ஆகஸ்ட் வரை வருகிறது. கையிருப்பை நாம் இப்போதே செலவழித்துவிடுகிறோம்.

கோச்சிங்கே தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே "எனக்கு எம்.பி.பி.எஸ். தான் வேண்டும்" என்று சொல்லி, காலையில் எழுப்பாமலே எழுந்து பயாலஜி படிக்கிற பெண்ணாக இருந்தால் வேறு கதை. அப்போதும் முழுப்பணத்தைக் கட்டாதீர்கள், மாதாமாதம் வாங்குகிற இடமாகப் பாருங்கள். வாசலில் பேனரில் இருக்கும் முகங்களை எண்ணாமல், போன வருடம் அந்த பேட்சில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் அரசுக் கல்லூரிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு அப்பா கேட்டார். கவுன்சலர் என்ற பெயரில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து உள்ளே போனவன் அரை மணி நேரம் வரவே இல்லை. வந்ததும் டீ வேண்டுமா என்று கேட்டானாம்.

சரி, 7.5%. இந்தப் பேச்சு வருடாவருடம் ஏப்ரல் மே மாதத்தில் கிளம்பும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் அந்த உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. பதினோராம் வகுப்புக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் கிடைக்காது. நல்ல அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்து, அவளுக்கும் இஷ்டமிருந்து, மிச்சமாகும் ஃபீஸுக்காக மாற்றினால் மாற்றுங்கள். ஒதுக்கீட்டுக்காக மாற்றாதீர்கள்.

யாரும் உங்களிடம் சொல்லாத சலுகை ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கு நிஜமாகவே பொருந்தும். நீங்கள் ஐ.டி.ஐ., மனைவி பிளஸ் டூ. அப்படியானால் உங்கள் வீட்டில் மகள்தான் முதல் பட்டதாரி. அவள் பொறியியல் பக்கம் போவதாக வைத்துக்கொள்வோம். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால் வருடம் 25,000 ரூபாய் டியூஷன் கட்டணத்தில் குறையும். 2017-ல் கட்டணக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000 முதல் 55,000 என்று வைத்தது. சேரும் வருடம் அது என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி நீங்கள் கட்ட வேண்டியது வருடம் 25,000 முதல் 30,000 வரை, நான்கு வருடத்தில் மிச்சம் ஒரு லட்சம். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் புக் செய்தால் இந்தச் சலுகை போய்விடும். "இப்பவே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க, சீட் போயிடும்" என்று டிசம்பர் மாதமே போன் வரும். தெரிந்த குடும்பம் ஒன்று அப்படிக் கட்டியது. பிறகு பெண்ணுக்கு 200-க்கு 181 கட்-ஆஃப் வந்து கவுன்சலிங்கிலேயே வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டது. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க ஏழு மாதம் நடந்தார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இது ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். மகள் எடுத்துக்கொண்டால் மகனுக்குக் கிடையாது, இருவரில் யார் பொறியியல் போவார்கள் என்று யோசித்து வையுங்கள்.

இப்போது குரூப். காமர்ஸ் எடுத்தால் பொறியியல் கதவு மூடிவிடும், கவுன்சலிங் கட்-ஆஃபுக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வான ஃபவுண்டேஷனை எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம், பத்தாவது முடித்தாலே பதிவு செய்துகொள்ளலாம், பிளஸ் டூ தேறிய பிறகு தேர்வு. அவளுக்குத் துளியும் சந்தேகம் இருந்தால் கணிதம், இயற்பியல், வேதியியலோடு கம்ப்யூட்டரும் உள்ள குரூப் எடுக்கட்டும், சந்தேகமே இல்லை என்றால் காமர்ஸ். அதைக் கண்டுபிடிக்க 2.6 லட்சம் தேவையில்லை. தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் எதிலாவது ஜூலை மாதம், வருமான வரி ரிட்டர்ன் நெரிசலில், ஒரு சனிக்கிழமை அவளை உட்கார வையுங்கள். கட்டுக்கட்டாய் ஃபார்ம் 16-ம் பேங்க் ஸ்டேட்மென்டும், ஆர்ட்டிகிள்ஷிப் என்ற சி.ஏ. பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தின்பதும் பார்த்த பிறகும் "பிடிச்சிருக்கு" என்றால் அந்த வார்த்தையை நம்பலாம். பி.காமுக்கு உங்கள் பக்கத்திலேயே பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது, கடற்கரைப் பக்கம் ராணி மேரி கல்லூரி. இரண்டும் அரசுக் கல்லூரிகள், அங்கே ஃபீஸ் உங்கள் ஒரு மாத வாடகையோடு ஒப்பிடுகிற அளவில்தான் இருக்கும். சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு வருடம், அதில் உதவித்தொகையும் வரும்.

படிக்க இடம் வேண்டும் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதியே உண்டு, பறக்கும் ரயிலில் இறங்கிப் போய்விடலாம்.

பணக் கணக்கு இப்படிப் போகலாம். சீட்டை இடையில் கழிவு கொடுத்து எடுக்காதீர்கள். இன்னும் 12 மாதம், அடுத்த ஏப்ரலில் 2 லட்சம் கைக்கு வரும். அதை எஃப்.டி.யில் போட்டுவிட்டு, பழகிப்போன அந்த மாதம் பத்தாயிரத்தை வங்கியில் ஒரு வருட ஆர்.டி.யாகத் தொடருங்கள், 1.2 லட்சம். அவள் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கும் மே மாதத்தில் வட்டி சேர்க்காமலே 3.2 லட்சம் இருக்கும். இப்போதிருக்கும் 1.8 லட்ச எஃப்.டி.யைத் தொடாதீர்கள், அது நாலைந்து மாதக் குடும்பச் செலவு, அம்பத்தூரில் ஷிஃப்ட் குறைந்தால் அதுதான் சோறு போடும். சீட்டு பதிவு பெற்ற கம்பெனியா, தெரிந்த அக்காவா என்று நீங்கள் எழுதவில்லை. அக்கா என்றால் இதை முடித்துக்கொண்டு இனிப் புதிதாகச் சேராதீர்கள்.

அந்த 3.2 லட்சம் டியூஷனுக்கு மட்டும் இல்லை. பொறியியல் என்றால் லேப்டாப், தேர்வுக் கட்டணம், கல்லூரி பஸ் எல்லாம் இதிலிருந்துதான். பஸ் கட்டணமே டியூஷன் அளவுக்கு வருகிற கல்லூரிகள் உண்டு, சேர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். குறைந்தால் கல்விக்கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை நம் பங்குப் பணமும் அடமானமும் கேட்க மாட்டார்கள். உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து வருடத்துக்கு 6.36 லட்சம், அதனால் 4.5 லட்ச வரம்பு உள்ள முழு வட்டி மானியம் கிடைக்காது. 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் படிக்கும் காலத்து வட்டியில் 3% குறையும். அது பட்டியலில் உள்ள கல்லூரிகளில் மெரிட்டில் சேர்ந்தால் மட்டும், வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகையோடு இது ஒத்துப்போகுமா என்று அந்த நேரத்தில் வங்கியில் கேட்டுவிட்டு, எது லாபமோ அதை எடுங்கள். கடனில் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் பைக் லோன் தவணை எதுவும் விடாமல் சிபில் சுத்தமாக இருக்கட்டும்.

பாலிசிக்கு ஒரு வரி போதும். மகளுக்கு 15 வயது, பாலிசி 15 வருடம், அவளுக்கு 30 வயதில் வரும் பணத்தில் யாருடைய காலேஜ் ஃபீஸைக் கட்டுவது? உங்கள் பேரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ் (உங்களுக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) எடுங்கள், கம்பெனி தருகிற குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கோச்சிங்குக்குப் போகாதீர்கள். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பேசுங்கள், மகளையும் வைத்துக்கொண்டுதான். மனைவியிடம் நகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள், அந்தக் கவலை போனால் மற்றதைக் காது கொடுத்துக் கேட்பார். அதன் பிறகும் நீட் என்று மகளே சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்குத் தனியாக ஒரு கணக்குப் போடலாம்.