சூமில் ஒரு நேர்முகம்

அன்புள்ள அக்கா,

உயர்தரத்தில் பயோ படித்தேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்குச் சூழலியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே படித்த பழைய மாணவர் ஒருவர் சூமில் கதைப்பாராம், சும்மா ஒரு உரையாடல்தான், எதுவும் ஆயத்தம் செய்யத் தேவையில்லை என்று மின்னஞ்சல் வந்தது. அப்படி எப்படிப் போவது? லண்டன் மாமா அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிப் பாடமாக்குகிறேன். ஆங்கிலமும் சுமார்தான். பயமாக இருக்கிறது.
— ஒரு மாணவி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சி,

முதலில் பாடமாக்குவதை நிறுத்துங்கள். மாமா கோபித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இங்கே பல்கலைக்கழகம் போக யாரோடும் கதைக்க வேண்டியதில்லை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடுகிற இசட் புள்ளி வரும், அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த வெட்டுப்புள்ளி வரும், இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5, கதை முடிந்தது. மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கப் போகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் தனியாக ஒரு உளச்சார்புப் பரீட்சை. பாஸ் பேப்பரும் புள்ளித்திட்டமுமாக வளர்ந்த பிள்ளைக்கு இது அந்தரமாகத்தான் இருக்கும்.

அந்தப் பழைய மாணவர் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லை. பெரும்பாலும் உங்கள் பெறுபேறோ கட்டுரையோ அவர் கையில் இருக்காது. அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கதைத்துவிட்டு ஒரு சின்ன அறிக்கை எழுதுவார், முடிவெடுப்பது அனுமதி அலுவலகம். அவர்களிடம் ஏற்கனவே இருக்கிற பெறுபேற்றை நீங்கள் ஒப்பித்து என்ன பயன்?

புலமைப்பரிசில் ஒன்றுக்காகக் கேள்வி கேட்கிற பக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன். பாடமாக்கிய பதில் இரண்டாவது வசனத்திலேயே தெரிந்துவிடும், கண் மேலே போகும், குரல் பேச்சுப்போட்டிக் குரலாகிவிடும், இடையில் நாங்கள் ஏதாவது கேட்டால் பிள்ளை திரும்ப முதல் வசனத்திலிருந்து தொடங்கும். பாவமாக இருக்கும்.

ஏன் சூழலியல் என்று கட்டாயம் கேட்பார். "சிறுவயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்" என்றால் அவருக்குத் திருப்பிக் கேட்க ஒன்றுமில்லை. நீங்கள் கோண்டாவில், வீட்டில் கிணறு இருக்கும். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிடக்கிற மழைத்தண்ணீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம், தோட்டத்துக்குப் போட்ட உரம் நைத்திரேற்றாகத் திரும்ப அதே தண்ணீருக்குள் போகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்துவிட்டது என்று ஊரே கொந்தளித்தபோது நீங்கள் சின்னப்பிள்ளை, ஆனாலும் வீட்டில் கதைத்தது காதில் விழுந்திருக்கும். அவர் நிலாவரையைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார், அதனால் கேட்பார், நீங்கள் விளங்கப்படுத்துவீர்கள், அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். (இந்தக் கிணற்றையும் பாடமாக்கிவிடாதீர்கள்! உங்களுக்குப் பிடித்தது கண்டலோ பனையோ என்றால் அதைக் கதையுங்கள்.)

இப்படி இரண்டு மூன்று விஷயங்கள் போதும். தாளில் முழு வசனம் வேண்டாம், சொற்கள் மட்டும். கனடாவில் பிறந்த மச்சாள் யாராவது இருந்தால் போனில் பிடித்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள், விளங்காத இடத்தில் மறிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் மெதுவாக வந்தால் குறையில்லை. கேள்வி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள், விளங்கியதுபோலத் தலையாட்டுவதுதான் மோசம். விடை தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு, இப்படி இருக்கலாம் என்று யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லலாம்.

கடைசியில் உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்பார். இணையத்தளத்தில் இருப்பதைக் கேட்காதீர்கள். முதல் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தார், எந்தப் பாடத்தில் திணறினார், அங்கே எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். மனிதர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லப் பிடிக்கும்.

அப்புறம் நேரம். குளிர்காலத்தில் நியூயோர்க் இரவு 8 மணி என்றால் இங்கே அடுத்த நாள் காலை 6.30, திகதியை இரண்டு தரம் பாருங்கள். திருவெம்பாவை நாளாக அமைந்தால் கோயில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் என்று பார்த்து அறையைத் தெரிவுசெய்யுங்கள். கரண்ட் போனாலும் கதைக்க போனில் டேட்டா இருக்கட்டும். முடிந்ததும், அன்றைக்கோ மறுநாளோ, நாலு வரியில் நன்றி எழுதுங்கள், கதைத்ததில் ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு.

அன்புடன்,
அக்கா